பொழுது சாஞ்சும் நிழல் விழுந்த காளை

கேக்கறதுன்னா முழுசாக் கேளுங்க, பாதியில எந்திரிச்சுப் போறதுன்னா இப்பவே போயிருங்க, எனக்கு ஏற்கெனவே வயிறெரிஞ்சு கெடக்குது. எங்க நெருஞ்சிப்பாளையத்துக்கு பிரீசியன்ங்கற சீமைச் சாதிக் காளை ரெண்டு வந்து நின்னுச்சு, ரெண்டும் கறுப்பு வெள்ளை, ரெண்டுக்கும் நாலு காலு ஒரு வாலு, ஆனா ரெண்டும் தரையில போட்ட நிழலு அதுகளோட நிழலு இல்ல, அதுகளுக்கு இனிமேல் பொறக்கப்போற பொண்ணுகளோட நிழலு. அதுல அதிசயப்பட ஒண்ணுமில்ல, ஊரே கண்ணால பாத்துச்சு. பாத்துப்போட்டு என்ன பண்ணுச்சுங்கறதுதான் கதை.

என்ற பேரு சாமியாத்தா. மாடுன்னா எனக்கு உசுருன்னு எல்லாம் பசப்ப மாட்டேன், மாடுன்னா வேலை, விடியக்காலம் எந்திரிச்சுச் சாணி அள்ளோணும், பால் கறக்கோணும், தண்ணி காட்டோணும், உச்சி வெயில்ல சோளத்தட்டு அறுத்துச் சும்மாடு வெச்சுச் சொமக்கோணும், மறுக்காவும் கறக்கோணும், மறுக்காவும் அள்ளோணும், இந்த வேலையெல்லாம் எங்க ஊருல பொம்பளைங்க வேலை. எந்த மாடு வாங்கறது, எந்த மாடு விக்கறது, எந்தக் காளைக்குச் சேக்கறதுங்கற ரோசனை மட்டும் ஆம்பளைங்க வேலை. அதுக்குச் சலவைச் சட்டை வேற மாட்டிக்குவாங்க.

அப்பெல்லாம் எங்க ஊருல மூணு ஈத்துத் தாண்டின மாடே கிடையாதுங்க. மொதக் கன்னு போட்டா ஊரே வந்து மடியப் பாத்துப்போட்டுப் பெருமூச்சு வுடும், ரெண்டாங் கன்னு போட்டா மடி கீழ எறங்கிக் காலுல இடிக்கும், மூணாங் கன்னு போட்டா குளம்பு வெடிச்சு, மடி கல்லாட்டம் இறுகி, அப்புறம் சினையும் நிக்காது, ஒரு நாளு பொழுதோட லாரி வந்து நிக்கும். மாட்ட வித்தாலும் கவுத்தத் தரக்கூடாதுங்கறது எங்க பக்கத்து வழக்கம், கவுத்தோட போனா லச்சுமியும் கூடவே போயிருவாளாம். அதனால மாடு போயிரும், கவுறு நின்னுரும். எங்கூட்டுக் கட்டுத்தரைச் செவுத்துல ஆணி அடிச்சு வரிசையாக் கவுறு தொங்குது, ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தி. கடைசியாப் போனவ செவலி. அவள எங்கூட்டுக்காரரு பொங்கியண்ணன்தான் புடிச்சு ஏத்தினாரு, நொண்டிக்கிட்டே ஏறுனவ திரும்பித் திரும்பி என்னையப் பாத்தா. அன்னைக்கே சொல்லிப்போட்டேன், அவ பெத்த கெடேரி சிட்டு ஒருத்திதான் மிச்சம், இவ லாரி ஏறுனா நானும் இந்த ஊட்ட விட்டு எறங்கிருவேன்னு. அவரு சரின்னு தலையாட்டினாரு. தலையாட்டறதுக்கு என்ன, அது கழுத்துக்கு மேலதான இருக்குது.

சினை ஊசி போட்டுப் போட்டும் நிக்க மாட்டேங்குது, ஊருக்குப் பொதுவா ஒரு பொலிகாளை வாங்கிரலாம்னு பால் சொசைட்டித் தலைவர் சென்னியப்பன் சொன்னாரு. அவரு கட்டுத்தரையில மாடு நெறைய, வேலைக்கு ஆளும் நெறைய, ஒரு மாடு போனா மறுநாளே இன்னொண்ணு வந்து நிக்கும். அந்த லாரி இருக்குதே, அது அவரு மச்சான் ரத்தினத்தோடது. ரெண்டு பக்கத்துல இருந்து ரெண்டு காளைய ஓட்டிக்கிட்டு வந்து சொசைட்டி வாசல்ல கட்டினாங்க, பாத்து ஒண்ண வெச்சுக்கறது, ஒண்ணத் திருப்பித் தாட்டி வுடறதுன்னு பேச்சு. ஒண்ணு கீழ்நாட்டுப் பெரிய பண்ணையில இருந்து வந்தது, எண்ண தேச்சாப்புல மினுமினுன்னு, கழுத்தத் தூக்கிக்கிட்டு நடந்துச்சு, அதுக்கு எங்காளுக மைனருன்னு பேரு வெச்சாங்க. இன்னொண்ணு மலைமேல ஒரு பண்ணையில இருந்து வந்தது, கொஞ்சம் வயசு, முட்டியில மசுரு கொட்டிப்போயி, ஏதோ ரோசனையாவே நின்னு அசை போட்டுச்சு, அதுக்குப் பண்டாரம்னு பேரு வந்துச்சு.

மொத நாளு வெயிலு வந்ததும் மைனரு காலடியில இருந்து கன்னுக்குட்டி நிழலா எறங்கி வந்து வாசலெல்லாம் துள்ளுச்சு. நிழலுன்னா முச்சூடும் கறுப்பு இல்லீங்க, மேலுல வெள்ளை இருக்கற எடத்துல வெயிலு அப்படியே ஓட்டையா விழுந்து கெடந்துச்சு, நெத்திப் பொட்டு தெரிஞ்சுது, வால் நுனி தெரிஞ்சுது. பண்டாரத்துக்குக் கீழயும் அப்படித்தான் கன்னுக வந்துச்சுக, ஆனா துள்ளல, மொள்ள நடந்து போயி ஒரு எடத்துல படுத்துக்குச்சுக. பால் ஊத்த வந்த பொம்பளைங்க கேனை எறக்கி வெச்சுப்போட்டு, "அட, காளையோட பொண்ணுக போல இருக்குது"ன்னு சொல்லி, நிழல மிதிக்காமச் சேலையத் தூக்கிக்கிட்டுச் சுத்திப் போனாங்க. கன்னுக்குட்டிய மிதிச்சா பாவமில்லீங்களா, அது நிழலா இருந்தா என்ன, நெசமா இருந்தா என்ன.

மறுநாளு டீக்கடைக்காரரு பெஞ்சத் தூக்கிக்கிட்டு வந்து வேப்பமரத்தடியில போட்டுட்டாரு. பக்கத்து ஊருல இருந்து ஆளுக வந்தாங்க. சொசைட்டி வாசல்ல மொளகாய் காயப்போடறவ, "என்ற மொளகாய் மேல உங்க மாடு படுத்திருக்குது, ஓட்டுங்க"ன்னு சண்டைக்கு வந்தா. அந்த நெத்திச்சுட்டி போட்டவ என்ற கட்டுத்தரைக்குத்தான் வரோணும், இல்ல எனக்குத்தான் வரோணும்னு ரெண்டு பங்காளிக இன்னும் சினையே ஆகாத மாட்டோட கன்னுக்கு அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தரு பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்து மைனரு பக்கத்துல நிக்க வெச்சு, இவனுக்குப் பொறக்கற கொழந்தை எப்படின்னு குனிஞ்சு பாத்தாரு, அந்தப் பையனுக்கு அவனோட ஒல்லி நிழல்தான் விழுந்துச்சு, அதுக்காகச் சம்பந்தத்த வேண்டாம்னுட்டாரு. எங்க ஊரு லட்சணம் அது.

பொழுது ஏற ஏற நிழலுகளுக்கு வயசு ஏறுச்சு, அதையும் ஊரு சீக்கிரமே புரிஞ்சுக்கிச்சு. காலைல கன்னு, பத்து மணிக்குக் கெடேரி, உச்சிக்குக் கறவை. உச்சி வெயில்ல மைனரோட பொண்ணுகளப் பாக்கோணுமே நீங்க, மடி ஒவ்வொண்ணும் தவலையாட்டம், காம்பு நுனி தரையத் தொட்டு, நிழல் மடியில இருந்து நிழல் பாலு சொட்டி வாசலே நனைஞ்சாப்புலக் கறுத்துப் போச்சு. ஆம்பளைங்க பூராவும் உச்சிக்கு வந்து நின்னு, நாக்கத் தொங்கப்போட்டுப் பாத்துப்போட்டு, சோத்துக்கு ஊட்டுக்குப் போயிருவாங்க. பண்டாரத்தோட பொண்ணுகளும் உச்சிக்குக் கறந்துச்சுக, மடி அளவானது, வயித்தோட ஒட்டிப் பின்னங்காலுக்கு நடுவால பாந்தமா இருந்துச்சு, அத எவனும் திரும்பிக்கூடப் பாக்கல.

ஆனா சாயந்தரப் பாலுக்கு எல்லாருந்தான வந்தாகோணும். அப்பத்தான் மைனரோட பொண்ணுக ஒண்ணொண்ணா நொண்ட ஆரம்பிக்கும். பின்னங்கால அகட்டி அகட்டி வெச்சு, ஒரு பக்கத்து மடி சுருங்கி, மொதல்ல ஒண்ணு படுக்கும், அப்புறம் அதுக்குப் பக்கத்துல ஒண்ணு படுக்கும், எந்திரிக்கப் பாக்கும், முடியாது, அப்படியே வெளுத்துப்போயிரும். சங்கு ஊதி சொசைட்டிக் கதவு தொறக்கறப்போ மைனருக்குக் கீழ ஒரு பொட்டு நிழலு இருக்காது. இம்மாம் பெரிய காளை, மஞ்ச வெயிலு மேல விழுது, தரையில ஒண்ணுமில்ல. அந்தப்பக்கம் பண்டாரத்துக்கு நிழலு நீண்டுக்கிட்டே போவும், கிழடு தட்டின மாடுக இடுப்பெலும்பு துருத்திக்கிட்டு நிதானமா நடந்து போகும், அதுக பின்னால அதுகளோட பொண்ணுக, அதுக பின்னால பேத்திக, சொசைட்டி வாசலத் தாண்டி, ரோட்டத் தாண்டி, எதுத்த காட்டுச் சோளத்துக்குள்ள போயி மறையற வரைக்கும் நிழலு போகும்.

இதப் பாத்துக்கிட்டே வரிசையில நின்னு பால் ஊத்துனாங்க. பாத்துக்கிட்டே!

கால்நடை ஆஸ்பத்திரி ஜெசிந்தா டாக்டரம்மா வண்டிய நிறுத்திப்போட்டு வந்து காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் அங்கியே உக்காந்து பாத்தாங்க. அந்தம்மாவும் அதிசயப்படல. "காளைய வெச்சுக் காளைய எடை போடாதீங்க, அதுக்குப் பொறந்த பொண்ணுங்கள வெச்சு எடை போடுங்கன்னுதான் நாங்க படிச்சோம்"ன்னாங்க. "அதுக்கு வருசக்கணக்காக் காத்திருக்கணும். உங்களுக்கு ஒரே நாள்ல வாசல்லயே விழுது. காலப் பாருங்க, குளம்பப் பாருங்க, மடி எங்க ஒட்டியிருக்குதுன்னு பாருங்க. ஒரு ஈத்துல எவ்வளவு கறக்குதுன்னு கேக்காதீங்க, ஆயுசுக்கு எவ்வளவு கறக்கும்னு கேளுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஆமாங்க டாக்டரம்மா, நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க"ன்னு தலைவர் சென்னியப்பன் கும்பிட்டாரு. அந்தம்மா வண்டி வளைவு திரும்பறதுக்குள்ள எங்க பக்கம் திரும்பி, "உச்சிக்குப் பாத்தீங்களா இல்லியா? அந்த மடியப் பாத்தீங்களா இல்லியா?"ன்னாரு. "நிழலுக் கணக்குல மூணு மணிக்கு மேல எவன் மாட்ட வெச்சிருக்கச் சொன்னான்? மூணு மணிக்கு முந்தி வித்துப்போட்டு வேற வாங்கிக்கறது. மாடுங்கறது மிசினு, ஓடற வரைக்கும் ஓட்டறது."

"மிசினு சாணி போடாதுங்க தலைவரே"ன்னு நான் சொன்னேன். "மிசினு திரும்பிப் பாக்காது. நீங்க என்னைக்காவது ஒரு மாட்டுக் காம்பப் புடிச்சிருக்கீங்களா? அது எந்திரிக்க முடியாமக் கெடக்கறப்போ, நாலு பேரு சாக்குக் கட்டித் தூக்கறப்போ, அதும் கண்ணு எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா?"

"பொங்கியண்ணா, உன்ற சம்சாரத்தக் கொஞ்சம் அடக்கு"ன்னாரு தலைவரு. எங்கூட்டுக்காரரு சொசைட்டியில கமிட்டி மெம்பரு. அவரு என்னையப் பாத்து, "நீ சும்மா இரு புள்ள, பெரியவங்க பேசிக்குவாங்க"ன்னாரு. பெரியவங்களாம்!

தனியாக் கேட்டா எல்லாருக்கும் பண்டாரந்தான் வேணும். வரப்புல, கெணத்து மேட்டுல, மாவு மில்லுல, எங்க கேட்டாலும், "அட சாமியாத்தாக்கா, எங்களுக்குத் தெரியாதா, சாயந்தரம் பாத்தமே"ன்னுதான் சொன்னாங்க. ஆனா தலைவர் முன்னால கையத் தூக்க ஒருத்தனுக்கும் கையில எலும்பில்ல. தலைவரப் பகைச்சுக்கிட்டா நாளைக்குப் பாலுல தண்ணியும்பாரு, கொழுப்பு இல்லைம்பாரு. சரி, மைனருக்குக் கையத் தூக்கலாம்னா, நாளைக்கு மாடுக விழுந்தா பொண்டாட்டி மூஞ்சியில முழிக்கோணும். ரெண்டுக்கும் பயந்தவனுக என்ன பண்ணுவானுக? "நம்ம என்ன முடிவு பண்றது, கரியகாளியம்மன்கிட்டப் பூ கேட்டுரலாம்"னாங்க. கண்ணால பாத்த விசயத்தச் சாமிகிட்டப் போயிக் கேக்கற ஊரு உலகத்துலயே எங்க ஊரு ஒண்ணுதான் இருக்கும்.

பூ கேக்கறதுன்னா, செவப்பு அரளி ஒரு பொட்டணம், வெள்ளை அரளி ஒரு பொட்டணம், ரெண்டையும் ஒரே மாதிரி எலையில மடிச்சு அம்மன் காலடியில போட்டு, வெவரம் தெரியாத சின்னப் புள்ளைய வுட்டு ஒண்ண எடுக்கச் சொல்றது. செவப்புன்னா மைனரு, வெள்ளைன்னா பண்டாரம்னு பேசிக்கிட்டாங்க. பூசாரி மணியடிச்சாரு. புள்ள போயி எடுத்துச்சு, பிரிச்சா வெள்ளை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, தாயே நீயாவது பாத்தியேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். தலைவரு தொண்டையச் செருமிக்கிட்டு, "நேரம் சரியில்ல, ராகு காலம் முடிஞ்சு ரெண்டு நிமிசங்கூட ஆகல, மறுக்காக் கேளுங்க"ன்னாரு. மறுக்காக் கேட்டாங்க. மறுக்காவும் வெள்ளை. எவனாவது வாயத் தொறக்கோணுமே! பூசாரி அம்மன் மூஞ்சியப் பாக்காமத் தலைவரு மூஞ்சியப் பாத்து, "கூட்டத்துல தீட்டு இருக்குதுங்க, அதான் ஆத்தா கோவமாச் சொல்றா"ன்னாரு.

தீட்டாம். பொம்பளைங்க எல்லாரும் வெளிய போங்கன்னாங்க. கறக்கறவளுக, அள்ளறவளுக, மடி வீங்குனா ராத்திரி பகலா வெந்நி ஒத்தடம் குடுக்கறவளுக, எல்லாத்தையும் கோயிலு மதிலுக்கு வெளிய நிறுத்திப்போட்டுக் கதவச் சாத்தினாங்க. உள்ள மறுபடியும் கேட்டாங்க, செவப்பு வர்ற வரைக்கும் கேட்டிருப்பாங்க, ஏன்னா மணிச்சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அம்மனுக்கே சலிச்சுப்போயிருக்கும். கதவத் தொறந்துக்கிட்டு மொதல்ல வந்தது எங்கூட்டுக்காரரு. "செவப்பு"ன்னாரு, தரையப் பாத்துக்கிட்டு. "நீங்க என்னத்தக் கேட்டீங்க?"ன்னேன். "எல்லாருந்தான் சரின்னாங்க"ன்னாரு. நாசமாப் போன அந்த எல்லாரும் இருக்காங்களே, அவங்க ஊடு எங்க இருக்குதுன்னு யாராவது எனக்குக் காட்டுங்க, நான் போயி மண்ண வாரித் தூத்திப்போட்டு வர்றேன்.

ஒரு சட்டமும் போட்டாங்க. இனிமே ஊரு மாடு அத்தனையும் மைனருக்குத்தான் சேக்கோணும், மீறிச் சேத்தா அந்த ஊட்டுப் பாலு சொசைட்டியில எடுக்க மாட்டாங்க. பண்டாரத்த மறுநாள் திருப்பி ஏத்தறதுன்னு முடிவாச்சு. அந்த மறுநாளு பாத்துத்தான் என்ற சிட்டு பருவத்துக்கு வந்து விடிஞ்சதுல இருந்து கத்துறா, தீவனந் திங்கல, கவுத்த இழுக்கறா. நல்லவேளையா பண்டாரத்த ஏத்தற வண்டி டயர் வெடிச்சு வழியில நின்னுபோச்சு, சாயந்தரந்தான் வரும்னாங்க. நான் சிட்டு கவுத்த அவுத்தேன்.

சாயந்தரப் பால் வரிசை நிக்குது. அத்தனை கேனுக்கும் நடுவால ஓட்டிக்கிட்டுப் போறேன், ஆளாளுக்குக் கேனை நகத்தி வழி வுட்டாங்க. எங்கூட்டுக்காரரு குறுக்கால வந்து கவுத்தப் புடிச்சாரு. "ஊரு முன்னால என்ற மானத்த வாங்காத புள்ள."

"வழிய விடுங்க"ன்னேன். இருவத்தஞ்சு வருசமா வாங்க போங்கன்னு பேசுன வாயி, அப்பவும் அப்படித்தான் பேசுச்சு. "உங்க மானம் நேத்தே கோயில்ல விழுந்து கெடக்குது, போயிப் பொறுக்கிக்குங்க. இவளோட ஆத்தாள நீங்க லாரியில ஏத்தினீங்க. இவள ஏத்தறதுக்கு உங்களுக்கு நான் புள்ள பெத்துத்தரல."

அவரு கவுத்த விட்டுட்டாரு. தலைவரு உள்ள இருந்து, "பாலு எடுக்க மாட்டம் சாமியாத்தா!"ன்னு கத்துனாரு. "உன்ற சொசைட்டியில ஊத்தறதுக்குக் கரியகாளி கோயிலு சாக்கடையில ஊத்தலாம்"ன்னு நானும் கத்துனேன். பண்டாரம் தலையத் தூக்கிப் பாத்துச்சு, மோந்துச்சு, ஏறி எறங்குச்சு, மறுபடி அசை போட ஆரம்பிச்சுச்சு. அம்புட்டுத்தான். அது ஒண்ணும் கல்யாணமில்ல. ஆனா சிட்டு திரும்பி நடக்கறப்போ, பண்டாரத்தோட நீண்ட வரிசையில இருந்து ஒரே ஒரு நிழலு பிரிஞ்சு, எங்களுக்கு முன்னால வழி தெரிஞ்சாப்புல நடந்து வந்து, எங்கூட்டுக் கட்டுத்தரை மூலையில படுத்துக்கிச்சு.

சினை நின்ன மாசமெல்லாம் அது அங்கியேதான் கெடந்துச்சு. நான் சாணி அள்ளறப்போ அதச் சுத்தி அள்ளுவேன். பக்கத்தூட்டுக்காரி வந்தா, "தள்ளிப் படு ஆயா"ன்னு சொல்லிப்போட்டுத் தாண்டிப் போவா. எங்கூட்டுக்காரரு அதுக்கும் நேராக் கண்ணெடுத்துப் பாக்க மாட்டாரு. சிட்டு கெடேரிக் கன்னு போட்டன்னைக்கு அந்த நிழலு எந்திரிச்சு நின்னு ஒடம்ப ஒதறிப்போட்டு, ஈரத்தோட கெடந்த கன்னுக்குக் கீழ போயிச் சேந்துக்கிச்சு. ராமாயின்னு பேரு வெச்சேன். அவ கன்னா இருக்கறப்பவே ரொம்ப நிதானம்.

என்ற பால சொசைட்டி எடுக்கல. நான் டீக்கடைக்கும், பக்கத்து ஊரு ஊடுகளுக்கும் சைக்கிள்ல கொண்டுபோயி ஊத்துனேன், முட்டி தேஞ்சுது, வாயும் தேஞ்சுது. அதுக்குள்ள மைனரோட பொண்ணுக மொத ஈத்துக்கு வந்துச்சுக. ஊரே பாலு! கேன் பத்தல, குண்டாவுல கொண்டு வந்தாங்க, தலைவருக்கு மாலை போட்டாங்க. ராமாயி கறந்தது அதுல பாதிதான். "பண்டாரத்துப் பொண்ணு, பிச்சை போட்டாப்புலத்தான கறக்கும்"னு வரிசையில நின்னு சிரிச்சாங்க. சிரிங்கடின்னு விட்டுட்டேன். ரெண்டாம் ஈத்துல வெந்நி ஒத்தடம் ஆரம்பிச்சுது. மூணாம் ஈத்துல, நிழலு எந்த வரிசையில விழுந்துச்சோ அதே வரிசையில மாடுக விழுந்துச்சுக, மொதல்ல ஒண்ணு, அதுக்குப் பக்கத்து ஊட்டுல ஒண்ணு, ஊரு பூராவும் சாக்குக் கட்டித் தூக்கற சத்தம், பொம்பளைங்க ஒப்பாரி, தெருவுக்குத் தெரு ரத்தினத்தோட லாரி. யாருக்கும் அதிர்ச்சி இல்லீங்க. தெரிஞ்ச சாவுக்கு எப்படி அதிர்ச்சி வரும்? "சாமி சொன்னதுதான, நம்ம கையில என்ன இருக்குது"ன்னு ஆம்பளைங்க துண்ட ஒதறித் தோளுல போட்டுக்கிட்டாங்க. அந்தத் துண்டால அவனுக கழுத்த நெரிக்கோணும் போல வந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் பொம்பளைங்க என்ற ஊட்டுக்குத் தடம் போட்டாங்க. ராமாயி பெத்த காளைக்கன்னு அப்ப வளந்து நின்னுச்சு. ஒவ்வொருத்தியும் மிஞ்சின கெடேரிய ஓட்டிக்கிட்டு, முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தா. ஒவ்வொருத்தியவும் நிக்க வெச்சு வஞ்சேன். மதிலுக்கு வெளிய நின்னப்போ உனக்கு வாயில கொழுக்கட்டையா இருந்துச்சுன்னு கேட்டேன். வஞ்சு முடிச்சுப்போட்டு ஒவ்வொருத்தி மாட்டையும் சேத்து விட்டேன், என்ன பண்றது, மாடு என்ன பாவம் பண்ணுச்சு. எங்கூட்டுக்காரரு ஒவ்வொரு தடவையும் வந்து கவுத்தப் புடிச்சுக் குடுத்தாரு.

ராமாயி போன மாசிக்குச் செத்துப் போனா. சீக்கில்ல, நொண்டல, விழல. எத்தனையோ ஈத்துக் கண்டவ, சாயந்தரம் தண்ணி குடிச்சுப்போட்டுப் படுத்தா, தலையத் திருப்பி விலாமேல வெச்சுக்கிட்டா, அப்படியே போயிட்டா. வயசாகிப் போனா. எங்க ஊருக் கட்டுத்தரையில ஒரு மாடு வயசாகிச் செத்தது அதுதான் மொத தடவை. ஊரே பாக்க வந்துச்சு, நிழலுக்குக்கூட இப்படிக் கூட்டம் கூடல. கண்ணு எமையெல்லாம் நரைச்சிருந்துச்சு. யாரோ ஒருத்தி வாயத் தொறந்து பல்லப் பாத்தா, பல்லு ஈறு மட்டத்துக்குத் தேஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. பல்லு தேஞ்ச மாட்ட எங்கூருல எவளும் பாத்ததில்ல. ஒருத்தி மாத்தி ஒருத்தி வெரல விட்டுத் தடவிப் பாத்தாங்க, தடவிப்போட்டு, லாரியில போன அவங்கவங்க மாட்டுப் பேரச் சொல்லி அழுதாங்க. அழுவறதப் பாத்து எனக்கு ஆத்திரமா வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

ரத்தினத்தோட லாரி வழக்கம்போல மோப்பம் புடிச்சு வாசல்ல வந்து நின்னுச்சு. ரத்தினம் எறங்கி வந்து, தோலாவது குடுங்கன்னான். நான் சாணிக் கூடையத் தூக்கறதுக்குள்ள எங்கூட்டுக்காரரு முன்னால போயி, "வண்டியத் திருப்புடா"ன்னாரு. அந்தாளு ஆயுசுல ஒருத்தன எதுத்து நின்னு பேசுனத நான் அன்னைக்குத்தான் பாத்தேன். திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.

மாட்டப் பொதைக்கறது எப்படின்னு ஒருத்தனுக்கும் தெரியல. எந்தத் தெசையில தலை வெக்கறது, எவ்வளவு ஆழம் எடுக்கறது, உப்புப் போடறதா வேண்டாமா, கேட்டுச் சொல்ல ஆளில்ல, இதுவரைக்கும் அப்படியொரு தேவையே ஊருக்கு வந்ததில்ல. எங்கூட்டுக்காரரு மம்முட்டிய எடுத்துக்கிட்டு ஒத்தையாளா எறங்கினாரு. கூட வந்தவனுகள நான் விடல. முழங்காலுக்குத் தோண்டிப்போட்டு நிமிந்து, "போதுமா புள்ள?"ன்னாரு. குழியக் குனிஞ்சு பாத்தேன், ராமாயியத் திரும்பிப் பாத்தேன். இடுப்புக்குத் தோண்டினாரு, கையில கொப்புளம் ஒடைஞ்சு மம்முட்டிக் காம்பெல்லாம் செவந்துபோச்சு, மூச்சு வாங்குது, "இப்பப் போதுமா?"ன்னாரு. மார் மட்டத்துக்கு எறங்கினப்பொறவு கேக்கக்கூடத் தெம்பில்லாம, என்ற மூஞ்சிய அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாரு.

"இன்னும் தோண்டுங்க"ன்னேன்.